600 எதற்கு, 300 போதுமே!

கடைசி தேதியன்று மார்க் ஷீட்டை அப்லோடு செய்யும்போதுதான் 'ஃபைல் சைஸ் அதிகம்' என்று திரை சொல்லும். பெரும்பாலும் சிக்கல், ஸ்கேனரில் வைத்த டிபிஐயில் இருக்கும். ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற கணக்குதான் அது. ஏ4 தாளை 300 டிபிஐயில் எடுத்தால் 2,480 × 3,508 பிக்சல். 600 வைத்தால் மொத்த பிக்சல் இரு மடங்கு அல்ல, நான்கு மடங்கு! நீளம், அகலம் இரண்டுமே கூடுகின்றனவே.

எழுத்து மட்டும் உள்ள தாளுக்கு 200 முதல் 300 வரை தாராளம். கலர் கேட்கவில்லை என்றால் கிரேஸ்கேல் வையுங்கள். பழைய குடும்ப போட்டோவைப் பெரிதாக்கி பிரின்ட் போடத்தான் 600.

100-ல் எடுத்துவிட்டு, ஆப்பில் 300 என்று மாற்றினால் மங்கிய முத்திரை தெளிவாகிவிடாது. ஒரிஜினலை ஒப்படைக்கும் முன்பே 300-ல் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, அப்லோடுக்கு அதையே காப்பி செய்து சிறிதாக்கிக்கொள்ளுங்கள்.