சூப்பர் டஸ்கனும் ஒரு மொக்கை வாதமும்

போன வாரம் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் வீட்டில் விருந்து. "இத்தாலி ரெட் வைன்னா அது சூப்பர் டஸ்கன்தான். மத்ததெல்லாம் பீட்சாவுக்குத் தொட்டுக்க" என்று ஒரே போடாகப் போட்டார். கும்பலில் வாயைத் திறக்க முடியலை, அதான் இங்கே கொட்டுறேன். (குடியே தப்பு என்கிறவங்க அடுத்த பதிவுக்கு வாங்க :-))

முதல்ல அவர் பக்க நியாயம். 1967-ல் கியான்ட்டிக்கு வந்த சட்டம், சாஞ்சோவேசே என்கிற அருமையான கறுப்புத் திராட்சையோடு குறைந்தது 10 சதவீதம் வெள்ளைத் திராட்சை சேர்த்தே ஆகணும்னு சொன்னது. நல்ல பாலில் தண்ணி ஊத்தச் சொல்லி அரசாங்கமே ஆர்டர் போட்ட கதை! வெறுத்துப்போன சிலர் சட்டத்தை மீறி, லேபிளில் சாதா 'டேபிள் வைன்'னு போட்டே விற்றாங்க. ஆன்டினோரி குடும்பத்தின் 1971 டின்யானெல்லோ அப்படி வந்ததுதான். அந்தத் தில்லுக்கு ஒரு சலாம். கியான்ட்டி கிளாசிக்கோவில் 2006-லிருந்து வெள்ளைத் திராட்சைக்குத் தடையே வந்தாச்சு.

ஆனா மீறினவங்களில் பலர் கையில் எடுத்தது பிரான்சின் காபர்னே சாவிஞ்ஞோனை. போல்கேரியின் சஸ்ஸிகாயா அதில்தான் பேர் வாங்கிச்சு. நல்ல வைன்தான், இல்லைங்கலை. ஆனா காபர்னே சிலியில் வளருது, கலிபோர்னியாவில் வளருது, நம்ம நாசிக்கிலும் வளருது. அதுவா இத்தாலியின் உச்சம்? நண்பர் உருகி உருகிச் சொன்ன அந்த வெனிலா வாசம்கூட புது ஓக் பீப்பாயோடது சாமி, மண்ணோடது இல்லை.

நெபியோலோவை எடுத்துக்குங்க. பீட்மான்ட் மலைச்சரிவை விட்டு வெளியே கொண்டுபோனா பெரும்பாலும் முரண்டு பிடிக்கும். அதில் செய்கிற பரோலோவைக் கண்ணாடியில் ஊத்தினா டிகாஷன் பத்தாத காபி மாதிரி வெளிறித் தெரியும். ஏமாந்து ஒரு வாய் குடிச்சா கடுக்காய் கடிச்ச மாதிரி துவர்ப்பு ஈறைப் பிடிக்கும். மூக்கில் ரோஜாவும் தாரும் சேர்ந்து வரும். 38 மாசம், அதில் 18 மாசம் மரப்பீப்பாயில் வச்ச பிறகுதான் விற்கவே விடுவாங்க. அதுக்குள்ளேயும் பாருங்க, லா மோர்ரா ஊர்ச் சரக்கு மென்மை, வாசம் தூக்கல். சில கிலோமீட்டர் தள்ளி செர்ரலுங்காவில் அதே திராட்சை இறுகிப்போய், வருஷக்கணக்கில் காத்திரும்பான். காரணம் மண்.

சிசிலியின் எட்னா எரிமலைச் சரிவில் நெரெல்லோ மஸ்கலேசே, கம்பானியாவின் தௌராசியில் அல்யானிக்கோன்னு இன்னும் எத்தனையோ. இதெல்லாம் பீட்சாவுக்குத் தொட்டுக்கவாம்!

அடுத்த விருந்துக்கு ஒரு பரோலோவை நியூஸ்பேப்பரில் சுத்தி எடுத்துட்டுப் போறேன். நண்பர் லேபிளைப் பார்க்காம என்ன சொல்றார்னு பார்ப்போம்.