பெயர் யாருக்குச் சொந்தம்? முதலில் வைத்தவருக்கா, பெரிய அணிக்கா?

ஒரே தெருவில் இரண்டு 'முருகன் ஸ்டோர்ஸ்' இருந்தால் கூரியர் கொண்டு வருபவருக்குத் தலை சுற்றும். ஒரே ஊரில் இரண்டு விளையாட்டு அணிகளுக்கு ஒரே பெயர் என்றால்? அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரத்தில் 2021-ல் அதுதான் நடந்தது.

அந்த ஊர் பேஸ்பால் அணிக்கு 1915 முதல் 'கிளீவ்லேண்ட் இந்தியன்ஸ்' என்று பெயர். இங்கே இந்தியன்ஸ் என்றால் நாம் இல்லை; அமெரிக்கப் பழங்குடிகள். அவர்களை அவமதிக்கும் பெயர் என்று பல வருடங்களாக எதிர்ப்பு. கடைசியில் 2021 ஜூலை 23 அன்று 'கிளீவ்லேண்ட் கார்டியன்ஸ்' என்ற புதுப்பெயரை அணி அறிவித்தது. ஊரின் ஹோப் மெமோரியல் பாலத்தில் நிற்கும் 'கார்டியன்ஸ் ஆஃப் டிராஃபிக்' சிலைகளிலிருந்து எடுத்த பெயர் அது.

நல்ல பெயர்தான். ஆனால், அது ஏற்கெனவே இன்னொருவர் கையில் இருந்தது! ஸ்கேட்டிங் ஷூ மாட்டிக்கொண்டு மோதி விளையாடும் 'ரோலர் டெர்பி' அணி ஒன்று 2013 முதல் அதே ஊரில் அதே பெயரில் இயங்கி வந்தது. அந்தப் பெயரில் 'டாட் காம்' இணைய முகவரியும் அவர்களிடம்தான்.

இரு தரப்பும் பேசியும் ஒத்துவரவில்லை. அக்டோபர் 27 அன்று ரோலர் டெர்பி அணி நீதிமன்றம் போனது. அந்த மனுவில் ஒரு சுவாரஸ்யம். பேஸ்பால் அணி புதுப்பெயருக்கு முதலில் டிரேட்மார்க் விண்ணப்பித்தது அமெரிக்காவில் இல்லை, மொரீஷியஸில்! அறிவிப்புக்கு மூன்று மாதம் முன்பு, ஏப்ரலில். ஏன் அங்கே? ஒரு நாட்டில் விண்ணப்பித்து 6 மாதத்துக்குள் இன்னொரு நாட்டில் விண்ணப்பித்தால், பழைய தேதியே கணக்கில் வரும் என்கிறது பாரிஸ் ஒப்பந்தம். அதுவரை பெயரும் வெளியே கசியாது.

ஆனால், அமெரிக்கச் சட்டத்தில் விண்ணப்பத் தேதி மட்டுமே எல்லாம் இல்லை. பெயரை யார் முதலில் பயன்படுத்தினார் என்பதும் முக்கியம். பெரிய அணி அதே பெயரோடு வந்தால், வருடக்கணக்கில் அந்தப் பெயரில் ஆடிய சின்ன அணியைத்தான் ஊர் 'காப்பி' என்று நினைக்கும். சட்டத்தில் இதற்கு 'தலைகீழ் குழப்பம்' என்று பெயர். பணபலம் இல்லாதவர்கள் பயப்படுவது இதற்குத்தான்.

வழக்கு இழுக்கவில்லை. நவம்பர் 16 அன்றே சமரசம். இரண்டு அணிகளும் இதே பெயரைப் பயன்படுத்தலாம் என்று முடிவானது. மற்ற நிபந்தனைகளை வெளியிடவில்லை.

நம் நாட்டில் 1999-ம் வருட டிரேட்மார்க் சட்டமும் முதலில் பயன்படுத்தியவருக்குப் பாதுகாப்பு தருகிறது. ஆனால், அதை நிரூபிக்க வேண்டும். எனவே கடையோ, கிளப்போ, யூடியூப் சேனலோ... பெயர் வைத்த நாளிலிருந்து பில், நோட்டீஸ், போஸ்டர் எதையும் தூக்கிப் போடாதீர்கள். பெரிய ஆள் ஒருவர் அதே பெயரோடு வந்து நிற்கும் நாளில், அந்தப் பழைய காகிதம்தான் உங்களுக்காகப் பேசும்.