கையில் கட்டிய வைத்தியர்

எங்கள் திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் போன ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். நாகல் நகரில் எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே ஒரு பட்டறை இருக்கிறது. மாங்காய்ப் பூட்டு செய்யும் பெரியவர் ஒருவர் அடிக்கடி சொல்வார்: "பூட்டு பளபளன்னு இருக்கான்னு பார்க்காதீங்கம்மா. உள்ளே லீவர் இருக்கான்னு பாருங்க." இருபது வருஷமாகக் கேட்ட வார்த்தை. வேண்டிய நேரத்தில் மறந்து போனேன். அதனால் என் வீட்டில் நடந்ததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

போன பொங்கலுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த என் மகன், தன் அப்பத்தாவுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்தான். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். கறுப்புக் கண்ணாடியைத் தொட்டால் பச்சையும் சிவப்புமாக எண்கள் ஓடும்.

"அப்பத்தா, இதைக் கட்டிக்கிட்டாப் போதும். நாடி, பிரஷர், சுகர் எல்லாம் இதுலயே தெரியும். இனிமே விரலைக் குத்த வேண்டாம்."

"குத்த வேண்டாமா? நீ மவராசனா இருப்பே ராசா!" என்று அத்தை அவன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

என் மாமியாருக்கு வயது 71. பத்துப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. இரண்டு வேளையும் மாத்திரை. மருந்தைவிட ஊசிக்குத்தான் பயப்படுவார். அப்படிப்பட்டவருக்கு இது வரப்பிரசாதம்தானே?

கடிகாரத்தில் அதிசயம் காட்டுவது புதிதல்ல. எங்கள் மாமனாரிடம் சாவி கொடுக்கும் எச்.எம்.டி. இருந்தது. 1961-ல் ஜப்பான் சிட்டிசன் கம்பெனியின் உதவியோடு பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்த அதே எச்.எம்.டி.தான். பார்வையில்லாதவர்கள் விரலால் தடவி மணி அறிய பிரெய்ல் கடிகாரமும் அவர்கள் செய்தார்கள். அமெரிக்காவில் 1972-ல் பல்சர் என்ற கடிகாரம் வந்தது. முள்ளே கிடையாது. பொத்தானை அழுத்தினால் சிவப்பு எண்ணில் மணி தெரியும். விலை 2,100 டாலர்! 1982-ல் ஜப்பானின் சீக்கோ, டி.வி. பார்க்கும் கடிகாரமே கொண்டுவந்தது. அதற்கான பெட்டியைச் சட்டைப் பையில் வைத்து ஒயரால் இணைக்க வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, துபாயிலிருந்து வந்த மாமா ஒருவர் கால்குலேட்டர் வாட்ச் கட்டியிருந்தார். கூட்டல் கணக்குப் போட்டுப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் வரிசையில் நின்றோம்.

அவற்றில் எது தப்பு செய்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. கணக்குத் தப்பினால் மறுபடி போடலாம். இந்தக் கடிகாரம் அப்படியில்லை என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை.

இரண்டு மாதம் எல்லாம் நன்றாகவே போயிற்று. சாயங்காலம் வாசல்படியில் உட்கார்ந்தால், அக்கம்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் அத்தை கையை நீட்டிக் காட்டுவார். லேபுக்குப் போவது நின்றது. விரலில் குத்திப் பார்க்கும் மிஷின் பீரோவுக்குள் போனது. நானும் சும்மா இருந்துவிட்டேன்.

ஒரு நாள் இரவு சாப்பாட்டு நேரம். அத்தை மாத்திரையைப் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். சர்க்கரை 196 என்று காட்டியது. "அய்யோ, ஏறிக் கெடக்கே! எனக்கு ராத்திரிக்கு ஒண்ணும் வேணாந்தா" என்று ஒரு டம்ளர் மோரோடு படுத்துவிட்டார்.

பதினோரு மணிக்கு மேல் அவர் முனகல் கேட்டு ஓடினேன். ஜாக்கெட் தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்குகிறது. பேச்சு குழறுகிறது. என்னைப் பார்த்து என் நாத்தனார் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். கடிகாரத்தைப் பார்த்தால் சர்க்கரை 142 என்கிறது!

என் கணவர்தான் பீரோவிலிருந்து மிஷினை எடுத்தார். விரலில் குத்திப் பார்த்தால் 54. எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, அத்தைக்கு நினைவு இருந்தது, விழுங்கவும் முடிந்தது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி, உட்கார வைத்துக் குடிக்கச் செய்தேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 81. அப்புறம் இரண்டு இட்லி ஊட்டினேன். "என்னத்தா ஆச்சு எனக்கு?" என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அன்று இரவு யாரும் தூங்கவில்லை.

காலையில் ஒரு வேலை செய்தேன், சிரிக்காதீர்கள். இரண்டு சிறுமலை வாழைப்பழத்தை ஒன்றாகச் சேர்த்து அந்தக் கடிகாரத்தைக் கட்டினேன். வாழைப்பழத்துக்குச் சர்க்கரை 108, பிரஷர் 118க்கு 76! பெட்டிக்குள் இருந்த தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். கடைசி வரியில் எறும்பு எழுத்தில், இது மருத்துவக் கருவி அல்ல என்று போட்டிருந்தது.

அத்தையை அழைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனோம். மாத்திரைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "மாத்திரையைப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தது முதல் தப்பு. பொய்க் கணக்கை நம்பினது அதுக்கும் முன்னாடி செஞ்ச தப்பு" என்றார். எனக்குப் புரியும்படி விளக்கியும் சொன்னார்.

கடிகாரத்தின் அடியில் பச்சை விளக்கு மின்னுகிறதே, அது நாடி பார்க்க. ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறையும்போது, திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடும். அதை எண்ணித்தான் நாடி சொல்கிறது. நல்ல கடிகாரத்தில் இது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பட்டை தளர்ந்தாலோ, கையை ஆட்டினாலோ, அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தாலோ தப்பலாம். நாடிக்கும் கடிகாரத்துக்கும் உறவு பழையது. 1707-லேயே ஜான் ஃபிளாயர் என்ற இங்கிலாந்து வைத்தியர், ஒரு நிமிட நாடியை எண்ணுவதற்கென்றே தனிக் கடிகாரம் செய்ய வைத்தார்.

பிரஷருக்கு நம்பகமான வழி, பட்டையில் காற்றை நிரப்பி ரத்தக் குழாயை அழுத்திப் பார்ப்பதுதான். அப்படிக் காற்று நிரம்பும் பட்டையோடு ஓம்ரான் கம்பெனி செய்த கைக்கடிகாரத்துக்கு 2018-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சாதாரணக் கடிகாரம் ஒளியை வைத்துக் காட்டும் பிரஷர் எண்ணை நம்பி மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

சர்க்கரைதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். 2001-ல் அமெரிக்காவில் குளுக்கோவாட்ச் என்ற கடிகாரத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். மெல்லிய மின்சாரம் பாய்ச்சித் தோல் வழியாக நீரை இழுத்துச் சர்க்கரை பார்க்கும். அதற்கும் விரலில் குத்திப் பார்த்த அளவு துணைக்கு வேண்டும். பலருக்குத் தோல் சிவந்து எரிந்தது. சில வருஷத்தில் விற்பனையே நின்றுவிட்டது. தோலைத் துளைக்காமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் கடிகாரம், மோதிரம் எதையும் தாங்கள் அனுமதிக்கவில்லை, அவற்றை நம்ப வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

புஜத்தில் ஒட்டிக்கொள்ளும் வில்லை ஒன்று இருக்கிறது. அதிலிருந்து மயிரிழை போன்ற கம்பி தோலுக்கடியில் போய்ச் சர்க்கரையை அளக்கும். அந்த எண்ணைச் செல்போனிலும் சில கடிகாரங்களிலும் பார்க்கலாம். அது வேறு. அங்கே அளப்பது வில்லை, கடிகாரம் வெறும் கண்ணாடிதான்.

வீட்டில் சர்க்கரை நோயாளி உள்ள சகோதரிகள் இதை மட்டும் மனதில் வையுங்கள்:

கடிகார எண்ணைப் பார்த்து மாத்திரையை மாற்றாதீர்கள், சாப்பாட்டை நிறுத்தாதீர்கள்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழறல், தாங்காத பசி இவற்றில் எது வந்தாலும் விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் சர்க்கரைத் தண்ணீரோ குளுக்கோஸோ கொடுங்கள். கால் மணி கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தரம் கொடுங்கள். ஏறிய பிறகு ஏதாவது சாப்பிட வையுங்கள். மிஷின் கைவசம் இல்லாவிட்டால் காத்திருக்காமல் முதலில் சர்க்கரையைக் கொடுத்துவிடுங்கள்.

நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். புரையேறி மூச்சடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

மிஷினின் ஸ்டிரிப்புக்குக் காலாவதித் தேதி உண்டு. மாதத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பாருங்கள்.

மகன் விஷயம் கேட்டதும், "நான் வாங்கிக் கொடுத்ததாலதானேம்மா" என்று போனிலேயே அழுதான். "பாசத்துல வாங்கினே, யோசிக்காம வாங்கினே. நானும் யோசிக்காமத்தான் விட்டேன்" என்றேன்.

கடிகாரம் இன்னும் அத்தை கையில்தான் இருக்கிறது. மணி பார்க்கிறார். தெரு முனைக் கோயிலுக்குப் போய்வந்து எத்தனை அடி நடந்தேன் என்று எண்ணுகிறார். மாத்திரை நேரத்தில் அது கையில் அதிரும்படி வைத்திருக்கிறேன். அந்த மட்டில் அது உத்தமமான வேலைக்காரன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு விரலை நீட்டுகிறார். "குத்துத்தா, குத்து. வாழைப்பழத்துக்குப் பிரஷர் பாத்தவதானே நீ!"