கொசுக்கடி ஆபரேஷன்

பித்தப்பையில் கல். பையோடு எடுத்தாயிற்று. வயிற்றில் நாலே நாலு ஓட்டை, மூன்றாம் நாள் வீடு.

வினையே இங்கேதான். 1983-ல் இதே ஆபரேஷனுக்கு வயிற்றைக் கிழித்துக்கொண்ட எங்கள் பெரியப்பாவை ஒரு மாசம் சொம்புகூடத் தூக்க விடவில்லை. நான் பத்தாம் நாள் ஆபீஸ் போய்ச் சட்டையைத் தூக்கிக் காட்டினால், "இதுக்கா சார் லீவு? கொசு கடிச்ச மாதிரி இருக்கு!" என்கிறார்கள்.

முதல் இரண்டு நாள் தோள்பட்டை வலித்தது. வயிற்றில் ஆபரேஷன், தோளில் வலி! மச்சான் சிரித்தான். உள்ளே இடம் பண்ண கார்பன் டை ஆக்ஸைடு ஊதுகிறார்களாம். மிச்ச காஸ் உதரவிதானத்தைச் சீண்டினால் வலி தோளில் தெரியுமாம். அது தானாகப் போய்விட்டது.

தொப்புள்தான் போகவில்லை. மற்ற ஓட்டைகள் காய்ந்து பொருக்கு தட்டிவிட்டன. பித்தப்பை வெளியே வந்த பெரிய வாசல் தொப்புள். ஈரமும் அழுக்கும் தங்குகிற பள்ளம் வேறு.

"ஏங்க, சிவந்திருக்கே, டாக்டர்கிட்ட காட்டுங்களேன்."

"பெல்ட் உரசியிருக்கும், விடு."

அன்றைக்கு ஆபீஸில் தண்ணி கேன் மாற்ற ஆள் இல்லை. கொசுக்கடிப் பட்டத்தைத் துடைக்க இதுதான் சமயம் என்று இருபது லிட்டரையும் நானே தூக்கினேன். கைதட்டல்கூடக் கிடைத்தது. ராத்திரி நூற்றியிரண்டு டிகிரி ஜுரம், தொப்புளில் சீழ்.

டாக்டர் ஒரு தையலைப் பிரித்து, சீழை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். "கேன் தூக்கினதால சீழ் வரலை. சிவந்தன்னிக்கே வராததுதான் தப்பு" என்றார். சட்டென்று இருமச் சொல்லி, தொப்புளில் விரலை வைத்துப் பார்த்தார். அந்த ஐந்து விநாடி என் மனைவி மூச்சே விடவில்லை.

"நல்லவேளை, புடைக்கலை. மேல்தோல் பத்து நாள்ல ஒட்டிக்கும் சார். அடியில இருக்கிற கெட்டிச் சவ்வுக்குப் பலம் வர மாசக்கணக்காகும். அதுக்குள்ள பாரம் தூக்கினா அந்த ஓட்டை வழியா குடல் எட்டிப் பார்க்கும். அதுதான் ஹெர்னியா. அப்புறம் அதுக்கொரு ஆபரேஷன்."

வாசல்வரை வந்த பிறகும் கூப்பிட்டார். "ஆறின தழும்பு ஒரு மாசம் கழிச்சு வீங்கிக் கசிஞ்சாலும் மெடிக்கல் ஷாப்ல மாத்திரை கேட்காதீங்க. டி.பி. கிருமிக்குப் பங்காளிக் கிருமி ஒண்ணு இருக்கு. சாதா மாத்திரைக்கு மசியாது. இங்கேயே வாங்க."

நேற்று மறுபடி ஆபீஸ். "சார், கேன் காலி" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். சட்டையைத் தூக்கினேன். தொப்புள்மேல் உள்ளங்கை அகலத்துக்குப் பிளாஸ்திரி.

"அடடா, நீங்க உட்காருங்க சார்" என்று அவரே தூக்கினார்.