அந்த டாங்கிக்குள் ஐந்து பேர்



சில வாரங்களுக்கு முன், ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்த பின்பு, சகோதரி ஒருவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "ஐயா, என் மகன் ஒரு யுத்த டாங்கியின் மாதிரியைச் செய்துகொண்டிருக்கிறான். முடிந்ததும் வேதப்புத்தகம் இருக்கிற அலமாரியிலேயே வைக்கப் போகிறானாம். ஜெபம் பண்ணுகிற வீட்டில் கொலைக்கருவியை அழகுப்பொருளாக வைக்கலாமா? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பான்" என்றார்.

வேண்டாம் என்று சொல்லிவிடுவது எளிது. பட்டயங்கள் உழுகருவிகளாக மாறும் நாளை ஏசாயா தீர்க்கதரிசி கண்டதை எடுத்துக்காட்டிப் பேச்சை முடித்திருக்கலாம். ஆயினும் பார்க்காத ஒன்றைக் குறித்துத் தீர்ப்புச் சொல்ல மனம் வரவில்லை. அந்த வாரமே அவர்கள் வீட்டுக்குச் சென்றேன்.

மேசையின்மேல் செய்தித்தாள் விரித்து, அதில் பாகங்களைப் பரப்பி வைத்திருந்தான் அந்த வாலிபன். இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஷெர்மன் டாங்கி. உண்மை அளவில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. ஏறத்தாழ 30 டன் எடையுள்ள வண்டி அவன் கையில் 17 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சுருங்கியிருந்தது. பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒவ்வொரு பாகத்தையும் வெட்டி எடுத்து, வெட்டிய தழும்பை உப்புத்தாளால் தேய்த்து, பசை தொட்டு ஒட்டுகிறான். ஒரு சக்கரம் கோணலாக ஒட்டிவிட்டதாம். அதைப் பிரித்துச் சரிசெய்ய ஒரு மாலை முழுவதும் செலவழித்திருக்கிறான். ஜெபக்கூட்டத்தில் பத்து நிமிடம் அசையாமல் உட்கார முடியாதவன் என்று நாம் குறைசொல்லும் பிள்ளை அவன். மூன்று மணி நேரம் மூச்சடக்கி வேலை செய்யும் பொறுமை அவனிடம் இருந்ததை அன்றுதான் கண்டேன்.

வர்ணம் பூசுவதைப்பற்றி அவன் ஆர்வத்தோடு விளக்கினான். முதலில் சாம்பல்நிற அடிப்பூச்சு. அது காய்ந்தபின் ஆலிவ் பச்சை. ஒரே பச்சையை எங்கும் பூசினால் பொம்மைபோல் தோன்றும் என்பதால், வெயில் படும் மேற்பரப்பில் சற்று வெளிறிய பச்சை. பின்பு இடுக்குகளில் நீர்த்த கரும்பழுப்பு வர்ணத்தை ஓடவிட வேண்டும். விளிம்புகளில் பஞ்சினால் ஒற்றித் தேய்மானம் காட்ட வேண்டும். சங்கிலிச் சக்கரங்களில் துருவும் சேறும் ஏற்ற வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு, "கடைசியாக இதை எரிந்துபோன டாங்கியாகச் செய்யப் போகிறேன் ஐயா. பக்கத்தில் குண்டு துளைத்த ஓட்டை, சுற்றிலும் கரி, வர்ணம் வெந்துபோன இடத்தில் செந்துரு. பார்க்க ரொம்ப நன்றாயிருக்கும்" என்றான்.

"தம்பி, இதற்குள் எத்தனை பேர் இருப்பார்கள்?" என்று கேட்டேன்.

"ஐந்து பேர்" என்று உடனே சொன்னான். முன்பக்கம் ஓட்டுநர், அவர் அருகே துணை ஓட்டுநர். மேலே சுழலும் கூண்டில் தலைவர், பீரங்கி சுடுபவர், குண்டு நிரப்புபவர்.

"அவர்கள் எங்கே?"

அவன் பெட்டியைத் துழாவி ஓர் உருவத்தை எடுத்தான். தலைவருடைய உருவம், அதுவும் இடுப்பு வரையில் மட்டும். மற்ற நால்வர் அந்தப் பெட்டியில் இல்லை. டாங்கியின் உட்புறமும் வெறுமையாகவே இருந்தது. வெளியே ஒவ்வொரு ஆணியும் வரிசை பிசகாமல் இருக்க, உள்ளே ஓர் இருக்கைகூட இல்லை.

பிரியமானவர்களே, இவ்வாரம் நான் சொல்ல விரும்புவது இதைப்பற்றித்தான். மாதிரி டாங்கி செய்வது பாவம் என்று நான் கருதவில்லை. அது வெறும் பிளாஸ்டிக், அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பாரோடும் எனக்கு உடன்பாடு இல்லை. இரும்பை அவ்வளவு நுட்பமாகப் பார்க்கும் கண், உள்ளே இருந்த மனிதரைப் பார்க்கத் தவறுவதே ஆபத்து. செய்கிறவன் அந்த ஐவரையும் நினைத்துச் செய்வானானால், அந்த வேலை அவனைக் கெடுக்காது, அவனுக்குப் போதிக்கும்.

அன்று நாங்கள் இருவரும் நெடுநேரம் பேசினோம். 1942 முதல் 1945 வரை அமெரிக்கத் தொழிற்சாலைகள் ஏறத்தாழ 49,000 ஷெர்மன் டாங்கிகளைச் செய்தன. நார்மண்டியில் பிரிட்டிஷ் படையினரும், 1945-இல் பர்மாவின் மெய்க்டிலாவை நோக்கி நம் இந்தியப் படைவீரரும் அவற்றில் சென்றார்கள். தொடக்கத்தில் வந்த வண்டிகளில் குண்டுகள் பக்கச்சுவரை ஒட்டி அடுக்கப்பட்டிருந்தன. எதிரியின் குண்டு துளைத்தால் அந்த அடுக்கு தீப்பற்றும். அடிபட்டவற்றில் நூற்றுக்கு 60 முதல் 80 வரை எரிந்ததாகப் போரின் முடிவில் அமெரிக்கப் படை கணக்கிட்டது. 1944-இல் குண்டுகளைத் தரைமட்டத்துக்கு இறக்கி, அவற்றைச் சுற்றி நீர் நிறைந்த உறை அமைத்தபின், எரிந்தவை நூற்றுக்கு 10 முதல் 15 ஆகக் குறைந்தன.

அவன் செய்துகொண்டிருந்தது தொடக்க கால வண்டி. அதன் மேற்புறத்தில் மூன்றே மூடிகள். ஓட்டுநருக்கு ஒன்று, துணை ஓட்டுநருக்கு ஒன்று. கூண்டிலிருந்த மூவருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. வண்டி எரியத் தொடங்கினால், குண்டு நிரப்புபவர் பீரங்கியின் பின்புறத்தைச் சுற்றி வந்து, மற்றவர்கள் வெளியேறியபின் அதே வழியாக ஏற வேண்டும். அவருக்கெனத் தனி மூடி பின்னர்தான் வந்தது. இதைச் சொன்னபோது அவன் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்துவிட்டான்.

அப்போது அவனுக்கு ஒரு போதகரைப்பற்றிச் சொன்னேன். லெஸ்லி ஸ்கின்னர் என்னும் மெதடிஸ்டு குருவானவர், ஷெர்வுட் ரேஞ்சர்ஸ் என்ற பிரிட்டிஷ் டாங்கிப் படைப்பிரிவின் ஆவிக்குரிய ஊழியராக 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில் இறங்கினார். எரிந்து அணைந்த ஷெர்மன் டாங்கிகளுக்குள் அவர் தாமே நுழைந்து, இறந்தவர்களின் உடலில் எஞ்சியதைச் சேகரித்து, யார் யார் என்று அடையாளம் கண்டு, அடக்கம் செய்தார். உதவிக்கு ஆட்களைத் தருகிறேன் என்று படை அதிகாரி சொன்னபோதும் அவர் சம்மதிக்கவில்லை. நாளைக் காலையில் அதே போன்ற டாங்கிக்குள் ஏற வேண்டியவர்கள் இந்தக் காட்சியைக் காணாதிருப்பதே நலம் என்பது அவருடைய எண்ணம். தாங்க முடியாத அந்த வேலையைத் தாம் ஒருவரே ஏற்றுக்கொண்டார். அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பு துணிந்து சென்று ஆண்டவரின் சரீரத்தைக் கேட்டு வாங்கியதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் குருவானவர் நினைவுக்கு வருகிறார். மரித்தவனுக்குச் செய்யும் மரியாதை உயிரோடிருப்பவனுக்கு ஒருபோதும் வீணாவதில்லை.

யுத்தக் கருவியை வீட்டில் வைப்பது யுத்தத்தை மகிமைப்படுத்தாதா என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அந்த மாதிரியைப் பார்க்கும் சிறுவன் "எத்தனை பேரைச் சுடும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனால், அது மகிமைப்படுத்தியதாகவே முடியும். ஆனால் மறைத்து வைப்பதால் மட்டும் யாரும் சமாதானம் பண்ணுகிறவர்களாகிவிடுவதில்லை. நான் பிரசங்க பீடத்திலிருந்து யுத்தத்தைப்பற்றிப் பலமுறை பேசியிருக்கிறேன். ஒருமுறையாவது ஒரு மூடியையும், அதன் வழியே வெளியேற முடியாமற்போன ஒருவனையும் நினைத்துப் பேசினேனா? இல்லை. அந்த மேசையருகே அதை அறிக்கையிட வேண்டியிருந்தது.

அந்தச் சகோதரிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "அம்மா, அவன் செய்யட்டும். முடிந்தபின் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அதற்குள் யார் யார் இருந்தார்கள் என்பதை அவன் சொல்லட்டும். அதைச் சொல்ல மனமில்லாத நாளில் அலமாரியிலிருந்து எடுத்துவிடட்டும்."

போன வாரம் வேலை முடிந்ததென்று அழைத்தான், போய்ப் பார்த்தேன். எண்ணியபடியே எரிந்த டாங்கியாகத்தான் செய்திருந்தான். கரியும் செந்துருவும் உண்மை போலவே இருந்தன. ஆனால் மூன்று மூடிகளும் திறந்திருந்தன. அவற்றைத் திறந்தபடியும் ஒட்டலாம், மூடியபடியும் ஒட்டலாம் என்று அவன் முன்னமே சொல்லியிருந்தான்.

"திறந்திருந்தால் அவர்கள் வெளியே வந்துவிட்டார்கள் என்று அர்த்தம், இல்லையா ஐயா?" என்றான்.

"அப்படித்தான் நம்புவோம், தம்பி" என்றேன்.

இவ்வாரம் நம் வீட்டுப் பிள்ளைகளின் கையில் இருப்பதைப் பிடுங்குவதற்குமுன் சற்று அருகில் உட்கார்ந்து பார்ப்போம். அவர்கள் காணாத மனிதரைக் காட்டுவோம். நாம் காணத் தவறிய மனிதரை அவர்களிடமிருந்து கற்றுக்கொள்வோம்.

ஜெபம்: சமாதானத்தின் தேவனே, இரும்புக்கும் நெருப்புக்கும் நடுவே மரித்தவர்களை நீர் பேர்பேராக அறிந்திருக்கிறீர். யுத்தத்தைத் தூரத்திலிருந்து பார்க்கும் எங்களுக்கு, அதற்குள் இருக்கும் மனிதரைக் காணும் கண்களைத் தாரும். ஆமென்.