ரிப்போர்ட் வரட்டும்

பெருங்குடிக் குப்பைமேட்டின் ஓரத்தில் சதுப்பு நீரை முதன்முதலாக எடுத்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 300 மில்லி கண்ணாடி பாட்டிலைக் காற்றுக்குமிழி புகாமல் தண்ணீருக்குள்ளேயே நிரப்பி மூடினேன். கரையில் உட்கார்ந்து பிப்பெட்டில் மாங்கனீசு சல்பேட் விட்டேன். அடுத்து காரம் கலந்த அயோடைடு. தண்ணீரில் பிராணவாயு கரைந்திருந்தால் உள்ளே பழுப்பாகப் படிவு இறங்கும். இல்லாவிட்டால் பால் திரிந்ததுபோல் வெள்ளையாக நிற்கும். அன்று வெள்ளையாகத்தான் நின்றது.

வழிகாட்ட வந்த இளைஞர் அந்தப் பக்கத்துக்காரர். பாட்டிலை எட்டிப் பார்த்து, "சார், தண்ணி நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

"ரிப்போர்ட் வரட்டும் தம்பி" என்றேன்.

ரிப்போர்ட் வந்தது. கட்டுரையானது. மாநாட்டில் வாசித்தோம். அவரிடம் மட்டும் யாரும் போய்ச் சொல்லவில்லை.

‘நாம்’ என்று இதை எழுதத் தொடங்கினால் குற்றம் ஊர் முழுக்கப் பங்காகிக் கரைந்துவிடும். அதனால் முதலில் ‘நாங்கள்’. சூழலியல் படித்து, அதிலேயே சம்பளம் வாங்கியவர்களின் பங்கைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குத் தெரியாமல் அந்தப் பள்ளிக்கரணைச் சதுப்பில் எதுவும் நடந்துவிடவில்லை. மாடம்பாக்கம், செம்பாக்கம், நாராயணபுரம், வேளச்சேரி என்று தென்சென்னை ஏரிகள் நிரம்பி வழியும் நீர் அங்கேதான் வந்து சேரும். சதுப்பு அதை வாங்கிப் பரப்பி வைத்துக்கொண்டு, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், அங்கிருந்து கோவளம் முகத்துவாரத்துக்கும் மெல்ல விடும். அந்த இடம் இல்லாமல் போனால் தண்ணீர் எங்கே ஏறும் என்பது எங்கள் மாணவர்களுக்குக்கூடத் தெரிந்த பாடம்.

ஊரார் அதைக் கழுவெளி என்றார்கள். அரசுக் காகிதத்தில் அது தரிசு ஆனது. அந்த ஒரு சொல்லைத் திருத்தவே நாங்கள் வாய் திறக்கவில்லை. 1960-களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பில் பெரும்பகுதி எங்கள் கண்ணெதிரே மறைந்தது. 1980-களிலிருந்து மாநகரக் குப்பை அங்கே மலையானது. சதுப்பை அறுத்துக்கொண்டு துரைப்பாக்கம் – பல்லாவரம் 200 அடி சாலை போனது. கம்பெனிகளும் கல்லூரிகளும் அடுக்ககங்களும் எழுந்தன. ஆராய்ச்சி நிறுவனங்களும் எழுந்தன.

அப்போதெல்லாம் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? பறவை படித்தவர்கள் பறவையை எண்ணினார்கள். நீர் படித்த நாங்கள் நீரை அளந்தோம். ஒருவர் பைலை மற்றவர் பிரித்துப் பார்க்கவில்லை. எழுதியதெல்லாம் ஆங்கிலத்தில் எழுதினோம். ஒவ்வோர் அறிக்கையின் கடைசியிலும் ‘மேலும் ஆய்வு தேவை’ என்று முடித்தோம். தேவைப்பட்டது ஆய்வு இல்லை, மண் கொட்டும் லாரியை நிறுத்த நாலு பேர். பொதுக்கருத்துக் கேட்புக் கூட்டங்களில், நாளைக்கு வரவேண்டிய கன்சல்டன்சி வேலையை நினைத்துப் பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களில் உண்டு. நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

பகுதிவாசிகளும் ஆர்வலர்களும் ஆண்டுக்கணக்கில் அலைந்த பிறகு 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடானது. 2022-இல் சுமார் 1,248 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இரண்டு நாளும் நாங்கள் வாழ்த்துச் சொன்னோம். மனு எழுதிய நாட்களில் அவர்கள் பக்கத்தில் நின்றவர்கள் எங்களில் மிகச் சிலர்.

இனி ‘நாம்’.

நான் வீடு வாங்கியது வேளச்சேரியில். பத்திரம் பார்த்தேன், பட்டா பார்த்தேன், வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். அந்த மனை முன்பு எதுவாக இருந்தது என்று பழைய வரைபடத்தை எடுத்துப் பார்க்கவில்லை. கட்டடத்தில் யாருமே பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டியவன் நான். 2015 டிசம்பரில் தரைத்தளம் மூழ்கியபோது, மாடிப்படியில் முழங்கால்வரை நனைந்து நின்ற பெரியவர் என்னைப் பார்த்து, "உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது. 2023-இல் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடியும் அதே படியில் நின்றோம்.

அடுத்தது நம் சமையலறை. குப்பை வாங்க வரும் அம்மா தினமும், "மக்குறது தனியா, மக்காதது தனியா குடுங்க சார்" என்று கேட்பார். பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-லேயே விதி வந்துவிட்டது. கருத்தரங்குகளில் அதை விளக்கிப் பேசியவன் நான். என் வீட்டிலிருந்து போனது ஒரே கவர்: மிச்சச் சோறு, பால் பாக்கெட், செத்த பேட்டரி, மாத்திரை அட்டை. அந்த அம்மா கையுறை இல்லாத கையால் அதைப் பிரித்தெடுப்பதைப் பார்த்துக்கொண்டே நான் ஆபீசுக்குக் கிளம்பியிருக்கிறேன்.

அந்தச் சோறுதான் மேட்டில் அழுகியது. மழை பெய்ததும் கறுப்பாகக் கசிந்து சதுப்பில் இறங்கியது. அழுக்கைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் தண்ணீரின் பிராணவாயுவைத் தின்று தீர்த்தன. என் பாட்டிலில் வெள்ளையாக நின்றதில் என் வீட்டு மிச்சமும் உண்டு.

இத்தனைக்குப் பிறகும் பனிக்காலத்தில் பூநாரைகள் வருகின்றன. சம்புப் புதரிலிருந்து நீலத் தாழைக்கோழி நீண்ட சிவப்புக் காலை எடுத்து வைத்து வெளியே வருகிறது. அந்த 200 அடி சாலையில் வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுக்கிறோம். பறவை வருகிறதே, எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு போகிறோம். அதுவும் நம் அலட்சியத்தின் ஒரு முகம்தான்.

பின்னர் பெருங்குடியில் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கத் தொடங்கினார்கள். நாம் ஒரு நிமிடத்தில் கலந்ததை எடுக்க அவர்களுக்கு ஆண்டுகள் ஆகின்றன. என் வீட்டில் இன்று இரண்டு வாளி இருக்கிறது. தாமதம்தான். எங்கள் துறைக்கு ஒன்று சொல்வேன்: எந்தக் கரையில் அளக்கிறோமோ, அந்தக் கரையிலேயே, அங்கிருப்பவர் மொழியில் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

அந்த இளைஞர் இப்போது எங்கே இருக்கிறாரோ. அவர் கேட்டதற்கு ஆய்வகம் தேவைப்படவில்லை, ரிப்போர்ட்டும் தேவைப்படவில்லை. தம்பி, தண்ணீர் நன்றாக இல்லை. பாட்டில் என் கையில் இருக்கும்போதே எனக்குத் தெரியும்.