பூனையின் நகம் சதைக்குள் குத்தினால்...

கேள்வி: ‘‘எங்கள் பூனைக்கு 10 வயது. நெல் மூட்டைகளை எலியிடமிருந்து காப்பாற்றுவதே அதுதான். ஒரு வாரமாக முன்காலை ஊன்றாமல் நொண்டுகிறது. ஒரு நகம் வளைந்து பாதத்தில் குத்தியிருக்கிறது. போன மாதம் பேத்தியையும் பிறாண்டி ரத்தம் வந்துவிட்டது. நகங்களை அடியோடு எடுத்துவிடலாமா?’’

- வாசகி, தட்டாஞ்சாவடி, புதுச்சேரி.

பதில்: முதலில் பேத்தியைக் கவனியுங்கள். ரத்தம் வரும்படி பூனை பிறாண்டினால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநோய்த் தடுப்பூசிக்காக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதுவரை ஊசி போடவில்லை என்றால், நாள் கடந்துவிட்டதே என்று இருந்துவிடாமல் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நகங்களை அடியோடு எடுக்கவே கூடாது. பூனையின் நகம் விரலின் கடைசி எலும்போடு ஒட்டி வளர்வது. நகத்தை எடுப்பதென்றால் அந்த எலும்பையும் வெட்ட வேண்டும். பிறகு அதனால் எலி பிடிக்கவும் முடியாது. நாய் துரத்தினால் மரம் ஏறவும் முடியாது.

இளம் பூனை மரத்தைப் பிறாண்டி, நகத்தின் பழைய மேல்தோலை உதிர்த்துக்கொள்ளும். வயதானால் இந்தப் பழக்கம் குறையும். நகம் தடித்து வளைந்து சதையில் இறங்கும். முன்காலின் உள்பக்கத்தில், தரையில் படாத கட்டைவிரல் நகத்தில்தான் இது அதிகம்.

குத்திய நகத்தை வீட்டில் பிடுங்காதீர்கள். காற்றோட்டமான கூடையில் வைத்து, உங்களுக்கு அருகில் குருமாம்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொண்டுபோங்கள். நகத்தை வெட்டி எடுத்து, புண்ணுக்கு மருந்து தருவார்கள். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்தால் பூனை செத்துவிடும். பினாயிலும் தடவக் கூடாது, நக்கினால் விஷம்.

புண் ஆறியதும் 2, 3 வாரத்துக்கு ஒருமுறை நகம் வெட்டுங்கள். துண்டில் சுற்றி மடியில் வைத்து, விரலை மெதுவாக அழுத்தினால் நகம் வெளியே வரும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்தக்குழாய். அதற்கு 2 மில்லிமீட்டர் முன்னதாக, வெள்ளை நுனியை மட்டும் வெட்டுங்கள். முரண்டு பிடித்தால் விட்டுவிட்டு, மறுநாள் மீதியை வெட்டலாம். ரத்தம் வந்தால் சுத்தமான பஞ்சால் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

சாக்கோ தேங்காய்நார்க் கயிறோ சுற்றிய கட்டை ஒன்றை, அது படுக்கும் இடத்தருகே நட்டு வையுங்கள். பூனைக்கும் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். பேத்தியும் பயமில்லாமல் விளையாடலாம்.